பன்னிரண்டு பத்து பஸ்ஸின் பயணிகள்

மாட்டுங்காவில் ஒரு காபிக் கடையின் மூலை மேஜையில் உட்கார்ந்து, ஒரே மத்தியானத்தில் பன்னிரண்டு பயணிகளை நான் உண்டாக்கினேன். ஐம்பத்திரண்டு வயதுக் குமாஸ்தா ஒருவர், கல்லூரி மாணவி ஒருத்தி, வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் இருவர், ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். மூன்று பேனாக்கள் வைத்திருந்தேன். சிலருக்கு எழுத்தை வலப்பக்கம் சாய்த்தேன், சிலருக்கு நேராக நிறுத்தினேன். பேருந்துக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? பத்து நிமிடத்துக்குள். இருக்கை கிடைத்ததா? கிடைத்தது. கூட்டம் எப்படி? மிகக் குறைவு. மொத்தத்தில் திருப்தியா? திருப்தி. ஒரு படிவத்தின் மேல் டபராவின் அடிவட்டம் பழுப்பாகப் பதிந்துவிட்டது. முதலில் பதறினேன். பிறகு, குலுங்கும் பஸ்ஸில் எழுதியதுபோல இருக்கும், நல்லதுதான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை இப்போது நினைத்தாலும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன். வீட்டுக்குள் இரண்டு நடை நடந்த பிறகுதான் மறுபடி உட்கார முடிகிறது.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. வடாலாவில் ஒரு பழைய குடியிருப்பில் அப்பா அம்மாவோடு இருந்தேன். பட்டம் முடித்துவிட்டு, குமாஸ்தா வேலைகளுக்கான தேர்வுகளை எழுதிக்கொண்டிருந்தேன். இடையில் கிடைத்ததுதான் இந்த வேலை. நகரப் பேருந்துகளைப் பற்றிப் பயணிகள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதித் தரும் பொறுப்பைச் சிறிய நிறுவனம் ஒன்று எடுத்திருந்தது. தமிழ், இந்தி, மராட்டி மூன்றும் பேசுவேன் என்பதால் என்னைத் தாராவியிலிருந்து சயன் வழியாகச் செம்பூர் போகும் தடத்தில் போட்டார்கள். ஒவ்வொரு நடைக்கும் பன்னிரண்டு படிவங்கள், படிவத்துக்குப் பதினேழு கேள்விகள்.

காலையிலும் மாலையிலும் அந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். பதினேழு கேள்விகளுக்குள் அடங்குகிற பதிலை யாரும் சொல்லவில்லை என்பதுதான் சங்கடம். நடத்துநரின் நடத்தை எப்படி என்று கேட்டால், "அவருக்கு வீட்ல என்ன கஷ்டமோ" என்பார்கள். பஸ் நேரத்துக்கு வருகிறதா என்றால், "வந்துட்டா அதான் நேரம்" என்று ஒருவர் சொன்னார். மாட்டுங்கா மாமி ஒருத்தி, செம்பூரில் மகள் வீட்டுக்குப் போகிறவள், கால்மணி நேரம் குறை சொல்லிவிட்டு, "ஆனா குறைன்னு எழுதிடாதேம்மா, இருக்கறதையும் எடுத்துண்டு போயிடுவா" என்றாள். எல்லாரும் கடைசியில் வந்து நின்ற சொல் 'பரவாயில்லை'. அதற்கு ஐந்தில் எத்தனை மதிப்பெண் போடுவது என்று மேலதிகாரியிடம் கேட்டேன். மூன்று போடு என்றார்.

மத்தியானம் பன்னிரண்டு பத்துக்குத் தாராவியிலிருந்து ஒரு பஸ் இருந்தது. எனக்கு மாட்டுங்காவில் தேர்வுப் பயிற்சி வகுப்பு பன்னிரண்டரைக்கு. அந்த பஸ்ஸில் ஏறினால் வகுப்பு போய்விடும். ஒருநாள் மட்டும் ஏறினேன். அன்று ஏதோ விடுமுறை, பஸ்ஸில் ஏழெட்டுப் பேர்கூட இல்லை. மத்தியான வெயிலில் யார் போகப் போகிறார்கள், கேட்டாலும் இதைத்தானே சொல்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த நான்கு நாட்களும் வகுப்பு முடிந்ததும் காபிக் கடைக்குப் போய் அந்த நடைக்கான படிவங்களை நிரப்பினேன். முதல் நாள் ஒவ்வொரு பதிலுக்கும் பேனாவை நிறுத்தி யோசித்தேன். நான்காம் நாள் அந்தக் குமாஸ்தாவுக்கு முழங்கால் வலி இருப்பதுவரை எனக்குத் தெரிந்திருந்தது.

இரண்டரை மாதம் கழித்து அதே தடத்தில் இரண்டாம் சுற்று என்று அனுப்பினார்கள். தேர்வு முடிந்திருந்ததால் இம்முறை மத்தியானமும் போனேன். மழை இரண்டு நாள் விட்டிருந்தது. தாராவி நிறுத்தத்தில் தகரக் கூரையின் நிழல் ஓர் ஆள் அகலத்துக்குத்தான் விழுந்தது. அந்த நிழலில் ஒரு சக்கர நாற்காலியை நிறுத்திவிட்டு, தான் வெயிலில் நின்றிருந்தாள் ஒருத்தி. நாற்காலியில் பதினைந்து வயதுப் பெண். கைகள் மணிக்கட்டில் உள்ளே மடங்கியிருந்தன, தலை ஒரு பக்கம் சரிந்து சரிந்து நிமிர்ந்தது. அம்மாவைவிட மகள் கனமாக இருப்பாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் படிவங்கள் செருகிய அட்டையை எடுத்துக்கொண்டு கிட்டே போய், பஸ்ஸைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கலாமா என்றேன்.

"கேளு கேளு. நீங்க கேட்டுக் கேட்டுத்தான் எங்க பஸ்ஸே போச்சு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. புரியாததுபோல நின்றேன் என்று சொல்வதுதான் சரி.

"பன்னெண்டு பத்துக்கு ஒரு வண்டி வந்துச்சுல்லா? லோ-ஃப்ளோர் வண்டி. கண்டக்டர் பலகைய எறக்கி விட்டா பாப்பாவ அப்படியே உருட்டி ஏத்திருவேன். அத நிறுத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. கண்டக்டர்ட்ட கேட்டேன். மத்தியானம் ஆளே ஏறுறது இல்லன்னு பயணிகளே சொல்லிட்டாவளாம். நாங்க சொன்னமாம்! நாங்க எப்பட்டி சொன்னோம்? எங்கிட்ட எந்த நாய் வந்து கேட்டுச்சு?"

அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், கடைசிவரை. பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் உண்டு, ஆனால் பேர் சொல்லி நினைத்ததில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், அவள் பிறந்தது தாராவியில். வீட்டில் உட்கார்ந்து தோல் பைகளுக்குக் கைப்பிடி தைத்துக் கொடுப்பாள். கணவர் தாணேயில் ஒரு கிடங்கில் வேலை செய்தார், காலையில் போனால் இருட்டித்தான் வருவார். மகளுக்குப் பிறக்கும்போதே மூளைக்குக் காற்று எட்டாமல் கைகால்கள் இறுகிப்போயிருந்தன. செம்பூரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு மையம் இருந்தது. உடற்பயிற்சி கொடுப்பார்கள், பேசக் கற்றுத் தருவார்கள். மத்தியானப் பிரிவு ஒரு மணிக்குத் தொடங்கி மூன்றுக்கு முடியும். பன்னிரண்டு பத்து பஸ் அதற்கென்றே விட்டதுபோல இருந்திருக்கிறது. இப்போது அடுத்த தாழ்தள பஸ் இரண்டு மணிக்குமேல். அதில் போய்ச் சேர்ந்தால் மையத்தில் விளக்கை அணைக்கும் நேரம். நடுவில் வந்த பஸ்களெல்லாம் மூன்று உயரப் படிகள் கொண்டவை.

அன்றைக்கும் அப்படி ஒன்று வந்தது. அக்கா மகளின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள், நான் கால்களைப் பிடித்தேன். இரண்டாம் படியில் அவளுடைய செருப்பு வழுக்கியது. மகளின் முதுகு கம்பியில் இடித்தது. அவள் அலறவில்லை, ஒரு மாதிரி மூச்சை உள்ளே இழுத்தாள், அவ்வளவுதான். பின்னால் யாரோ நாற்காலியை மடக்கி ஏற்றினார்கள். பஸ் கிளம்பிய பிறகு அக்கா மகளின் முதுகைத் தடவிக்கொண்டே என்னிடம், "எழுதுட்டி. ஏற எறங்க வசதியான்னு ஒரு கேள்வி இருக்கும்லா, அதுக்கு எழுது" என்றாள். நான் எழுதினேன். பஸ் குலுங்கியதில் எழுத்து கோணல்மாணலாக விழுந்தது.

மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். தூக்கிவிடப் போகிறேன் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். வீட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தேன். அம்மா தேர்வு முடிவுக்காகக் கவலைப்படுகிறேன் என்று நினைத்தாள். நான் எழுதிய நாற்பத்தெட்டுப் படிவங்களால்தான் அந்த பஸ் நின்றதா, நான் எழுதாவிட்டாலும் நின்றிருக்குமா என்று ஹார்பர் லைன் ரயிலில் வரும்போதும் போகும்போதும் தராசுபோல மாற்றி மாற்றி நிறுத்துப் பார்த்தேன். எந்தத் தட்டும் ஒரு நிமிடம் அசையாமல் நின்றதில்லை.

நான்காம் நாள் நிறுத்தத்திலேயே சொல்லிவிட்டேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. காபிக் கடை, மூன்று பேனா, முழங்கால் வலிக்காரக் குமாஸ்தா எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா மகளின் வாயோரம் வழிந்ததைத் துண்டால் துடைத்தாள். மடித்து மறுபக்கத்தால் இன்னொரு தரம் துடைத்தாள். நான் அழத் தொடங்கியதும்தான் திரும்பினாள்.

"இப்ப எதுக்கு அழுத? நீ அழுதா நான் சமாதானம் சொல்லணுமா?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? எழுதுன இடத்துல போய்ச் சொல்லு."

பஸ் வந்தது. அன்று மகளின் காலைப் பிடிக்க என்னை விடவில்லை. வேறொருவரைக் கூப்பிட்டுத் தூக்கினாள். நான் நிறுத்தத்திலேயே நின்றேன்.

அலுவலகத்தில் மேலதிகாரி நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. தண்ணீர் கொடுத்தார். அறிக்கை எப்போதோ போய்விட்டது, இனி அதைக் கிளறினால் முதலில் வெளியே வருவது உன் பெயர்தான், இன்னும் எத்தனையோ பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள், மறந்துவிட்டு இரண்டாம் சுற்றை ஒழுங்காக முடி என்றார். எத்தனையோ பேர் என்று அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். நான் அட்டையையும் அடையாள அட்டையையும் அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். வீரம் ஒன்றும் இல்லை. அங்கே இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்க முடியாது என்பதுதான் காரணம்.

அடுத்த நாள் டிப்போவுக்குப் போய், அந்தத் தடத்தைக் கவனிக்கும் அதிகாரியைப் பார்த்து, நடந்ததை எழுதிக் கையெழுத்திட்ட காகிதத்தைக் கொடுத்தேன். மராட்டிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், தடித்த கண்ணாடி. இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, உன் படிவங்களை மட்டும் பார்த்து நாங்கள் பஸ்ஸை நிறுத்தவில்லை என்றார். வண்டிகள் குறைந்துவிட்டன, ஓட்டுநர்கள் போதவில்லை, எங்கேயாவது குறைக்க வேண்டியிருந்தது, எந்த நடைக்கு ஆள் இல்லை என்று பார்த்தோம், உன் படிவங்களும் அங்கே இருந்தன என்றார். உன்னால்தான் என்று அவர் சொல்லியிருந்தால் தலை குனிந்திருப்பேன், உன்னால் இல்லை என்றிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பேன். இரண்டும் இல்லாமல் நடுவில் நிறுத்திவிட்டார். இத்தனை வருடத்தில் அந்த இடத்தைவிட்டு நான் அசைந்ததாகத் தெரியவில்லை. கடைசியில், மத்தியானம் உண்மையாக எத்தனை பேர் போகிறார்கள் என்று காட்டினால் யோசிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

நான் அக்காவிடம் போய் அதைச் சொன்னேன். வீட்டு வாசலில் தோல் வாடையும் பசை வாடையும் அடித்தது. உள்ளே கூப்பிடவில்லை. தைத்துக்கொண்டிருந்த கைப்பிடியை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "சரி, நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு வா. நான் கூடவே நிப்பேன். நீ என்ன எழுதுதன்னு நான் பாக்கணும்" என்றாள்.

இரண்டு வாரம் நின்றோம். பதினேழு கேள்விகளை விட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டோம்: மத்தியானம் இந்த நேரத்தில் பஸ் வேண்டுமா, வேண்டுமென்றால் எதற்கு? ஒரு கோடு போட்ட நோட்டில் அவர்கள் சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் கையெழுத்தோ ரேகையோ வாங்கினேன். அக்காவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்துப் பார்த்த பிறகுதான் அடுத்த ஆளிடம் விடுவாள். ஒரு சொல்லை நான் அழகாக்கி எழுதியிருந்தாலும், "அவிய இப்படியா சொன்னாவ?" என்று அடிக்கச் சொல்வாள்.

மத்தியானத்தில் ஆள் இல்லை என்று நான் எழுதியிருந்த அந்த நேரத்தில்தான் எத்தனை பேர். செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டாம் ஷிப்டுக்குப் போகும் ஆயாக்கள் நான்கு பேர், பஸ் நின்ற பிறகு சயன் வரை நடந்து போய் வேறு பஸ் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். டயாலிசிஸுக்குப் போகும் மனைவியோடு ஒரு ராமநாதபுரத்து பாய், ஜரிகை வேலைப் பட்டறை வைத்திருப்பவர், "எழுதும்மா, எங்களுக்கு ட்ரெய்ன்ல ஏற முடியாது, படி ஏறவும் தெம்பு கெடையாது, பஸ்ஸு தான் எங்களுக்குத் தோது" என்றார். பஸ்ஸே வேண்டாம், இருக்கிற பஸ்களை எடுத்துவிட்டால் டிராஃபிக் குறையும் என்று ஒருவர் சொன்னார். அவர் பஸ்ஸுக்காகத்தான் நின்றுகொண்டிருந்தார். அதையும் எழுதச் சொன்னாள் அக்கா. குளிர்சாதன பஸ்ஸில் கழுத்து பிடித்துக்கொள்கிறது என்று ஒரு பெரியவர். ஆப்பில் வருகிறது வருகிறது என்று காட்டிவிட்டு வராமல் போவதைப் பற்றிக் கல்லூரிப் பெண்கள் இருவர், எனக்குத் தமிழில் பாதியும் இந்தியில் பாதியுமாகச் சொன்னார்கள். ஒரு கோபக்காரர், எழுதி என்ன ஆகப் போகிறது என்று என் நோட்டைத் தட்டிவிட்டார். அது சேற்றில் விழுந்தது. அக்கா அவரை அடிக்கப் போனாள். பிறகு அவரே திரும்பி வந்து ரேகை வைத்துவிட்டுப் போனார்.

ஒருநாள் வரிசையில் எல்லாரும் முடிந்ததும், "பாப்பாட்ட கேட்டியா?" என்றாள் அக்கா.

எனக்கு முகம் சுட்டது. பத்து நாளாக அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறேன், அவளுக்காக என்றுதான் எல்லாம் செய்கிறேன், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கேட்டேன். அவள் கழுத்து நரம்புகள் புடைத்தன. உதடுகள் குவிந்து விரிந்து மறுபடி குவிந்தன. ஒரு பஸ் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று. அக்கா அவசரப்படுத்தவில்லை, அவளுக்குப் பதிலாக எதுவும் சொல்லவும் இல்லை.

"ஜ... ஜன்னல்" என்றாள் அந்தப் பெண்.

எனக்கு விளங்கவில்லை. அக்காதான் யோசித்துச் சொன்னாள். தாழ்தள பஸ்ஸில் சக்கர நாற்காலிக்கு விட்டிருக்கும் இடத்தில் தடுப்பு ஒன்று கண்மட்டத்தில் வருமாம். எல்லாரும் வெளியே பார்த்துக்கொண்டு போவார்கள், இவள் தகரத்தைப் பார்த்துக்கொண்டு போவாள். "எனக்கே இத்தன நாளா தெரியலயே" என்று அக்கா தன் தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். நான் ஜன்னல் என்று எழுதினேன். மகளின் மடங்கிய கட்டைவிரலை மெல்ல நிமிர்த்தி மையில் ஒற்றி அக்கா ரேகை வைத்தாள்.

நோட்டை, மராட்டியில் பெயர்த்து எழுதிய பக்கங்களோடு, அதிகாரியிடம் கொடுத்து மூன்று வாரத்துக்குப் பிறகு பன்னிரண்டு பத்து பஸ் மறுபடி வந்தது. நிறுத்தத்தில் ஆயாக்கள் கைதட்டினார்கள். பஸ் கிட்டே வந்து நின்றதும் கைதட்டல் நின்றது. மூன்று உயரப் படிகள். எந்த வண்டி காலியாக இருந்ததோ அதை அனுப்பியிருந்தார்கள். எல்லாரும் ஏறினார்கள். பாய் மனைவியை மெல்ல ஏற்றிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் ஏறினார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? எல்லாருக்கும் அவர்கள் கேட்ட பஸ் கிடைத்துவிட்டது. நாங்கள் மூன்று பேர் நிறுத்தத்தில் நின்றோம்.

அக்கா நாற்காலியைத் திருப்பினாள். வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தேன். டிப்போவை நோக்கித் தள்ளினாள். ரோட்டின் பள்ளங்களில் நாற்காலி சரிந்தது. நான் ஒரு பக்கம் பிடித்தேன், அவள் என் கையை விலக்கவில்லை. வாசலில் காவலாளி தடுத்தபோது, "தும் ஹட்டோ" என்ற இரண்டு சொற்களில் அவனை நகர்த்திவிட்டு உள்ளே போனாள். அதிகாரி வெளியே வந்தார். பஸ் வந்ததல்லவா, இன்னும் என்ன என்று கேட்டார். முற்றத்தில் அதே மாதிரி உயரப்படி பஸ் ஒன்று நின்றிருந்தது. அக்கா நாற்காலியை அதன் வாசலுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, தாராவி இந்தியில் அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"ஸாப், ஆப் ஏக் பார் உடாகே தேகோ."

ஐயா, நீங்கள் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் கூடிவிட்டார்கள். ஒருவன் சிரித்தான். வேறு யாரோ அவன் தோளில் அடித்தார்கள். அதிகாரி இரண்டு ஆட்களைக் கூப்பிட்டார். "நஹி. ஆப்" என்றாள் அக்கா. இல்லை, நீங்கள். பகலில் வீட்டில் தன்னோடு வேறு ஆள் கிடையாது, அதனால் அவரும் தனியாகத்தான் தூக்க வேண்டும் என்றாள்.

அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, குனிந்து, மகளிடம் என் காதில் விழாத குரலில் ஏதோ கேட்டார். அனுமதி கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். அவளுடைய உடம்பு விறைத்துக்கொண்டது. கால்கள் அவர் காலில் பின்னின. முதல் படியில் ஒரு காலை வைத்தார். அங்கேயே நின்றுவிட்டார். ஏறவும் முடியவில்லை, இறக்கவும் தெரியவில்லை. கழுத்தெல்லாம் சிவந்து வியர்த்தது. அவள் தலை அவருடைய தோளில் சாய்ந்திருந்தது. அக்கா ஓடிப் போய்ப் பின்னாலிருந்து தாங்கினாள். இரண்டு பேருமாக இறக்கி உட்கார வைத்தார்கள். அவர் முழங்காலில் கைகளை ஊன்றி மூச்சு வாங்கினார்.

"ரோஜ்?" என்று கேட்டார். தினமுமா?

"ரோஜ்" என்றாள் அக்கா.

அடுத்த திங்கட்கிழமை பன்னிரண்டு பத்துக்குத் தாழ்தள பஸ் வந்தது. கண்டக்டர் இறங்கிச் சாய்வுப் பலகையை இழுத்துப் போட்டார். சக்கரங்கள் கடகடவென்று ஏறின. ஜன்னல் தடுப்பை அகற்ற முடியாது, வண்டியின் அமைப்பே அப்படி என்று சொல்லிவிட்டார்கள். அதனால் கண்டக்டரே நாற்காலியைச் சற்றுக் கோணலாக நிறுத்திப் பூட்டினார். அப்படி வைத்தால் முன்பக்கக் கண்ணாடி வழியாக ரோடு தெரியும். நானும் ஏறினேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அக்கா அதில் தன் பையை வைத்துவிட்டு, "பின்னால போய் உக்காரு" என்றாள். நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். சயன் சந்திப்பில் பஸ் திரும்பியபோது அந்தப் பெண் சத்தம் போட்டுச் சிரித்தது கடைசி இருக்கைவரை கேட்டது.

அதற்குப் பிறகு எனக்கு வேலை கிடைத்தது. கோப்புகளும் முத்திரைகளும் கொண்ட குமாஸ்தா வேலை. இன்றுவரை அதில்தான் இருக்கிறேன். யாராவது ஒரு படிவத்தை நிரப்பி நீட்டும்போது அதிகமாக ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன் என்று அலுவலகத்தில் எனக்குக் கெட்ட பெயர் உண்டு. பஸ்களும் மாறிவிட்டன. சின்ன மின்சார பஸ்கள் சத்தமில்லாமல் வந்து நிற்கின்றன. இறங்கியதும் கைபேசியில் ஐந்து நட்சத்திரங்கள் வந்து எத்தனை தருவாய் என்று கேட்கின்றன. பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்காமலே ஐந்தையும் அழுத்திவிட்டு நடக்கிறார்கள். நான் அழுத்துவதில்லை. அழுத்தாமல் விடுவது எந்த வகையில் நேர்மை என்றும் எனக்குத் தெரியவில்லை.

அக்காவை இடையிடையே பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கு ஒருமுறை வீட்டுக்குள் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தாள். மகள் இப்போது பெரியவள், மையத்திலேயே பிள்ளைகளுக்கு வண்ணக் காகிதம் பிரித்துக் கொடுக்கும் வேலை செய்கிறாள் என்றாள். நான் செய்ததைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மன்னித்துவிட்டாயா என்று கேட்கும் வாக்கியத்தை எத்தனையோ முறை வாய்வரை கொண்டுவந்திருக்கிறேன். அதைக் கேட்பதே இன்னொரு முறை அவள்முன் அழுவதுபோல ஆகிவிடும் என்று விழுங்கியிருக்கிறேன்.

போன வாரம் மத்தியானம் அலுவலகத்தில் இருந்தபோது அவளிடமிருந்து அழைப்பு. அவர்கள் இருந்த சந்து முழுவதையும் இடித்துவிட்டார்களாம். செம்பூருக்கும் அப்பால், குன்றை ஒட்டிக் கட்டிய ஒரு கட்டடத்தில் ஒன்பதாம் மாடியில் வீடு கிடைத்திருக்கிறது. தண்ணீர் வருகிறது, லிஃப்ட் ஓடுகிறது, காற்று நன்றாக இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"பஸ் தான் இல்ல. மெயின் ரோடு வரைக்கும் பாப்பாவத் தள்ளிட்டுப் போவணும், ஏத்தம். இங்க நானூறு குடித்தனம் இருக்கு, எல்லாரும் பொலம்புதாவ, யாரும் எழுத மாட்டேங்குதாவ. நீ ஞாயித்துக்கெழம வா."

வருகிறேன் என்றேன். அவள் இணைப்பைத் துண்டிக்கப் போகிறாள் என்று தோன்றியதும், பத்து வருடம் விழுங்கியது வெளியே வந்துவிட்டது.

"அக்கா, உங்களுக்கு என் மேல இன்னும் கோவம்..."

"அது இருக்கத்தான் செய்யுது" என்றாள் அக்கா. "நீ வெயிலுக்கு முன்னால வந்துரு."